"கவரைப் பிரிக்காதீங்க சார்" என்று சொல்பவரிடம் பழைய காமிக்ஸ் வாங்காதீர்கள்

சிவகாசியிலிருந்து வந்த லயன், முத்து என்ற தமிழ் காமிக்ஸ்களின் பழைய இதழ்களை வாட்ஸ்அப் குழுக்களில் விலை கொடுத்து வாங்கும் நண்பர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். போன ஜனவரியில் மூன்று புத்தகங்களுக்கு 11,500 ரூபாய் அனுப்பி ஏமாந்தேன். பணம் திரும்ப வரவில்லை, இனி வரும் என்றும் தோன்றவில்லை. அதே ஆள் வேறு பெயரில் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

சிவகாசிக்குப் பக்கத்து ஊர்க்காரன் நான். பள்ளிக்கூட நாளில் சேர்த்து வைத்த காமிக்ஸ் எல்லாம், வீடு மாற்றியபோது பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறிப் போய்விட்டது. வேலைக்கு வந்த பிறகு ஒவ்வொன்றாகத் தேடி வாங்க ஆரம்பித்தேன். கலெக்‌ஷன் என்றால் எனக்கு அலமாரியில் அடுக்கி அழகு பார்ப்பது இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது எடுத்துப் படிக்க வேண்டும். படிக்காத காமிக்ஸ் வெறும் தாள்தான் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

எங்கள் தலைமுறைக்கு சூப்பர்ஹீரோ என்றால் சூப்பர்மேனும் பேட்மேனும் அப்புறம்தான். முதலில் வந்தவர்கள் லண்டன் ஃப்ளீட்வே நிறுவனத்துப் பிள்ளைகள்: இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர், இயந்திர மனிதன் ஆர்ச்சி. 1972-இல் முத்து காமிக்ஸ் மாயாவியோடுதான் தொடங்கியது. மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ராத்திரி சுவிட்சுக்குப் பக்கத்தில் போகவே பயந்த பிள்ளைகள் எங்கள் தெருவில் மட்டும் நாலு பேர்.

எனக்கு எல்லாருக்கும் மேலே ஸ்பைடர்தான். மார்வெலின் ஸ்பைடர்மேன் இல்லை. கூர்க்காதும் கறுப்பு உடையும் வலைத் துப்பாக்கியுமாக, பெல்ஹாம், ஆர்டினி என்று இரண்டு கூட்டாளிகளோடு ஹெலிகார் என்ற பறக்கும் காரில் போகிறவன். லயன் என்ற பிரிட்டிஷ் வார இதழில் 1965-இல் வந்தபோது, உலகத்துக் குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாக வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. பிறகுதான் நீதியின் பக்கம் திரும்புகிறான். தொடக்கத்துக் கதைகளை எழுதியவர் டெட் கோவன். அடுத்து எழுத வந்தவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய அதே சீகல். 1938-இல் தானும் ஓவியர் ஷுஸ்டரும் சேர்ந்து சூப்பர்மேன் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னால் அந்தப் பாத்திரத்துக்காகக் கோர்ட் படி ஏறிக்கொண்டிருந்த மனிதர். சின்ன வயதில் ஸ்பைடர் தன் பெருமையைத் தானே பேசும் இடங்களில் கைதட்டினேன். இப்போது அதே இடங்களைப் படிக்கும்போது, உரிய மரியாதை கிடைக்காத ஒருவரின் குரல் அதில் கேட்பது போல இருக்கிறது. மறுவாசிப்பு எனக்குக் கொடுத்தது இது. இதற்காகத்தான் பழைய இதழைத் தேடிப் போனேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு குழுவில் மூன்று அட்டைகளின் படம் வந்தது. எண்பதுகளில் தமிழ் லயன் காமிக்ஸில் வந்த ஒரு ஸ்பைடர் கதை, எழுபதுகளின் முத்து காமிக்ஸ் மாயாவி ஒன்று, கூடவே ஒரு சாதாரண இதழ். கதைகளின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கே அந்தத் தலைப்புகளின் விலை ஏறிவிடும். ஸ்பைடருக்கு 5,500, மாயாவிக்கு 5,000, மூன்றாவதுக்கு 1,000 என்றார். "மின்ட் கண்டிஷன் சார், தாத்தா காலத்து பெட்டியில இருந்து எடுத்தது" என்றார். உள்பக்கப் படம் கேட்டேன். "பாலித்தீன் கவர்ல போட்டு சீல் பண்ணி வெச்சிருக்கேன் சார். பிரிச்சா காத்து பட்டு பேப்பர் ஒடைஞ்சிடும். நீங்களும் பிரிக்காதீங்க, வேல்யூ போயிடும்" என்று பதில் வந்தது. இன்னும் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், மாலைக்குள் சொல்லுங்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் யுபிஐயில் பணம் போட்டேன்.

கூரியரில் வந்தது. கவருக்குள் அட்டைகள் பளிச்சென்று இருந்தன. படிக்கத்தான் வாங்குகிறேன் என்று எப்போதும் சொல்பவன், அந்த ஆளின் பேச்சைக் கேட்டு ஐந்து வாரம் பிரிக்காமல் வைத்திருந்தேன். அந்த ஐந்து வாரம்தான் அவருக்குத் தேவைப்பட்டது. அது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

ஆறாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் ஸ்பைடரைப் பிரித்துப் படித்தேன். ஒரே மூச்சில் படித்தேன். எந்தக் குறையும் தெரியவில்லை. பக்கங்கள் கொஞ்சம் குட்டையாக இருப்பது போலப் பட்டது, அவ்வளவுதான். மறுநாள் இன்னொரு தடவையும் படித்தேன். அப்போதும் தெரியவில்லை.

கண்டுபிடித்தது என் மகள். பத்து வயது. அவளுக்கு ஸ்பைடரைத் தெரியாது, கதையும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "அப்பா, பெல்ஹாம் தாத்தாவ இரும்பு ரூம்ல பூட்டுனாங்கல்ல? அடுத்த பக்கத்துல கார்ல பறக்குறாரு. எப்போ வெளிய வந்தாரு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் எப்படி வெளியே வந்தார் என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷத்துக்கும் மேலாகத் தெரியும். விட்டுப்போன இடத்தை என் மனசே நிரப்பிக்கொண்டு போயிருக்கிறது, அதுவும் இரண்டு தடவை. மறுவாசிப்பை இவ்வளவு கொண்டாடுகிற நான் இதையும் சொல்லியாக வேண்டும். மனப்பாடமான புத்தகத்தில் பக்கம் காணாமல் போனால் நமக்குத்தான் கடைசியில் தெரியும். இந்தக் கதைகள் வாரத் தொடராக வந்தவை. ஒவ்வொரு வாரமும் ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள், அடுத்த வாரம் தப்பிக்க வைப்பார்கள். ஆகவே இரண்டு பக்கம் போனால் ஓர் ஆபத்தோ அதிலிருந்து தப்பித்ததோ அப்படியே போய்விடும். மிச்சக் கதை ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருக்கும்.

அப்புறம் உட்கார்ந்து எண்ணினேன். 64 பக்கம் இருக்க வேண்டிய புத்தகத்தில் 60 இருந்தது. முன்னாலிருந்து 12 பக்கம் முடிந்ததும் இரண்டு பக்கம் இல்லை. பின்னாலிருந்து 12 பக்கத்துக்கு முன்னால் இன்னும் இரண்டு பக்கம் இல்லை. நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்த புத்தகத்தில், மடித்தால் நாலு பக்கமாகும் ஒரு தாள் உருவிப் போனால் இப்படித்தான் இரண்டு இடத்தில் ஓட்டை விழும். பக்க எண்ணைப் பார்த்தாவது தெரிந்திருக்கும் என்று நினைப்பீர்கள். எண்கள் இருந்த ஓரம் இல்லை. அந்தக் காலத்தில் பத்துப் பன்னிரண்டு இதழ்களைச் சேர்த்து பைண்டு பண்ணி வைப்போம், ஞாபகம் இருக்கிறதா? பைண்டர் மூன்று பக்கமும் கத்தி போட்டுச் சமமாக்குவார். அப்படி ஒரு பைண்டிங்கை உடைத்துப் பிரித்தெடுத்த பிரதி இது. அதனால்தான் குட்டையாகத் தெரிந்திருக்கிறது. முதுகுப் பக்கம் வெளிச்சத்தில் பிடித்தால், பின் குத்திய இரண்டு இடத்தைத் தவிர, ஊசியால் தைத்த ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. பின்னைச் சுற்றித் தாளில் பழைய துருக்கறை. ஆனால் பின் மட்டும் நேற்று வாங்கியது போலப் பளபளத்தது.

இன்னும் அட்டை இருக்கிறது.

அட்டையின் நடுவில் ஒரு மடிப்புக் கோடு, வலது ஓரத்தில் நீல மையில் பாதி அழிந்த "ரா" என்ற எழுத்து. இந்த இரண்டையும் பார்த்துத்தான் "பழசு, அசல்" என்று நம்பினேன். எவனோ ஒரு பையன் தன் பெயரை எழுதத் தொடங்கியிருக்கிறான் என்று பிரியம்கூட வந்தது. அன்றைக்கு அந்த மடிப்பின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தேன். விரலுக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை, வழுவழுவென்று இருந்தது. மடிப்பு மடிப்பாக இல்லை, மடிப்பின் படம். "ரா"வும் அப்படித்தான். பேனா அழுத்திய பள்ளம் இல்லை, பூதக்கண்ணாடியில் நீல மைக்குப் பதிலாக வண்ணப் புள்ளிகள். யாருடைய அசல் அட்டையையோ ஸ்கேன் எடுத்து, கொஞ்சம் தடித்த தாளில் கலர் பிரிண்ட் போட்டு, அட்டை இல்லாத ஓட்டைப் பிரதிக்கு மாட்டியிருக்கிறார்.

மதுரையில் ஓர் அண்ணன் இருக்கிறார், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், இதில் கரை கண்டவர். மூன்றையும் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ரூபாய் நோட்டு பார்க்கும் ஊதா விளக்கை எடுத்து வந்து அறையை இருட்டாக்கினார். அவருடைய அசல் இதழின் அட்டை மங்கலாகக் கிடந்தது. என்னுடையது நீல வெள்ளையாக ஒளிர்ந்தது. இப்போது வரும் வெள்ளைத் தாள்களில் வெளுப்பூட்டும் ரசாயனம் சேர்ப்பதால் இந்த ஒளி வரும் என்றார். பிறகு மாயாவியைப் புரட்டினார். இரண்டே நிமிஷம். "தம்பி, உள்ள இருக்கறது பின்னாடி வந்த மறுபதிப்புப்பா. முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் கிழிச்சிட்டு மேல பழைய அட்டைய பிரிண்ட் போட்டிருக்கான்" என்றார். தாள் முழுக்க ஒரே சீராகப் பழுப்பு நிறம். நியூஸ்பிரிண்ட் தானாகப் பழுத்தால் காற்றும் வெளிச்சமும் படுகிற ஓரத்தில் அதிகமாகவும் உள்ளே குறைவாகவும் பழுக்கும். இது டீத் தண்ணீரில் நனைத்து எடுத்தது மாதிரி இருந்தது. மூன்றாவது புத்தகம் அசல்தான். அதை இருநூறு ரூபாய்க்கு அண்ணனே கொடுத்திருப்பாராம்.

விற்றவருக்கு அன்றைக்கே படங்களோடு செய்தி அனுப்பினேன். "ரெண்டு மாசம் கழிச்சு சொல்றீங்களே சார், நீங்க மாத்தி வெச்சிருந்தா நான் என்ன பண்றது? பிரிக்காதீங்கன்னு முன்னாடியே சொன்னேனே" என்றார். அடுத்த நாள் என் எண்ணைத் தடுத்துவிட்டார். குழு நடத்துபவரிடம் சொன்னேன், "ரெண்டு பேருக்கும் நடுவுல நாங்க வர முடியாது" என்றார். அதே குழுவில் அந்த ஆளை "நம்பிக்கையான விற்பனையாளர்" என்று அவரே அறிமுகம் செய்திருந்தார், அதையும் எடுத்துக் காட்டினேன். பதில் இல்லை. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பணம் போன உடனே அழைத்தால்தான் அந்தக் கணக்கில் அதை நிறுத்தி வைக்க வழி இருக்கும். நான் அழைத்தபோது எல்லாம் கைமாறிப் போயிருந்தது. உங்களுக்கு இப்படி நடந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

இனி வாங்குபவர்கள் உள்பக்கங்களைப் புரட்டிக் காட்டும் வீடியோ கேளுங்கள், முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை. பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம் கேளுங்கள். நடுப்பக்கத்தில் பின் இருக்கும் இடத்தை நெருக்கமாகக் கேளுங்கள். அசலாக வைத்திருப்பவர் சந்தோஷமாக அனுப்புவார். பெருமையாகக்கூட அனுப்புவார். எனக்கு அப்படி அனுப்பிய நல்ல மனிதர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் கிழிந்த இதழை, கிழிந்திருக்கிறது என்று சொல்லி வாங்கியதில் எனக்கு ஒருநாளும் வருத்தம் இல்லை. புத்தகம் கைக்கு வந்த அன்றே பிரித்து, எண்ணி, படியுங்கள். முடிந்தால் கதை தெரியாத ஒருவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

கதையை மட்டும் படித்தால் போதும் என்பவர்கள் மறுபதிப்பை வாங்குங்கள். மாயாவி, ஸ்பைடர் கதைகள் பல மறுபதிப்பாக வந்திருக்கின்றன. ஐயாயிரத்துக்கு விலை பேசும் எந்த ஆளும் அதைவிடப் பெரிய கதையை உங்களுக்குத் தரப்போவதில்லை.

காணாமல் போன நாலு பக்கத்தையும் அண்ணன் தன் பிரதியிலிருந்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். ஸ்பைடருக்குள் மடித்து வைத்திருக்கிறேன். பெல்ஹாம் எப்படித் தப்பித்தார் என்று மகள் அன்று ராத்திரியே படித்துவிட்டாள்.

போன வாரம் வேறொரு குழுவில் அதே மூன்று அட்டைகளின் படங்கள் வந்திருந்தன. பெயர் வேறு, எண் வேறு, ஸ்பைடரின் விலை இப்போது 7,000. கீழே என் அனுபவத்தை எழுதினேன். பத்து நிமிஷத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். யாராவது உங்களிடம் ஸ்பைடர் அட்டையின் படத்தைக் காட்டினால் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் மடிப்புக் கோடும், வலது ஓரத்தில் நீல மையில் பாதி அழிந்த "ரா"வும் இருந்தால், அது அந்தப் புத்தகம்தான்.