பசியை அடக்கும் செடிகள்: காபியா, எபெட்ராவா, புகையிலையா?

'மூலிகை' என்ற பெயரில் விற்கும் எடை குறைப்பு மாத்திரைகள் பலவற்றில் வேலை செய்வது காஃபீன், எஃபெட்ரின், சினெஃப்ரின் என்ற இரண்டு மூன்று சரக்குகள்தான். எல்லாமே நரம்பை முடுக்கிவிடுபவை. ஆனால் பசியை அடக்கும் வலுவில் ஒன்றுக்கு மற்றொன்று ஏணி வைத்தாலும் எட்டாது.

காபியை எடுத்துக்கொள்வோம். ஒரு கோப்பையில் இருக்கும் 100 மில்லிகிராம் காஃபீன், சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் எரிக்கும் ஆற்றலை இரண்டரை மணி நேரத்துக்கு 3 முதல் 4 சதவீதம் வரை கூட்டுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் சாயம் வெளுத்துவிடும்: ஓய்வில் நாளொன்றுக்கு 1,500 கலோரி செலவாகிறவருக்குக் கூடுதலாகக் கரைவது சுமார் 6 கலோரி. கோப்பையில் விழும் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையோ 16 கலோரி! பசி மட்டுப்படுவதும் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

தென் அமெரிக்கச் செடிகளான குவாரனா, யெர்பா மாத்தே இரண்டும் வேறு பெயரில் வரும் காஃபீன். அவற்றுக்குத் தனிக் காசு தண்டம். கிரீன் டீயால் குறையும் எடையும் சொற்பமே. குடித்தால் கெடுதலில்லை, ஆனால் அதன் சாற்றைச் செறிவாக்கிய மாத்திரைகள் சிலரது கல்லீரலைப் பதம் பார்த்திருக்கின்றன.

எபெட்ரா என்ற புதர்ச்செடி வேறு ரகம். அதிலுள்ள எஃபெட்ரின், நரம்புகளை உசுப்பும் நார்அட்ரினலின் என்ற பொருளைச் சுரக்கவைத்துப் பசியைக் கட்டுகிறது, உடற்சூட்டையும் ஏற்றுகிறது. குறுகிய கால ஆய்வுகளில், வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட மாதத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை கூடுதலாக இறங்கியது. அதே மருந்துதான் மாரடைப்பு, பக்கவாதம் என்ற புகார்களிலும் சிக்கியது. அமெரிக்கா 2004இல் எபெட்ரா துணை உணவுகளைத் தடை செய்தது. அந்த இடத்தைப் பிடித்த கசப்பு ஆரஞ்சின் சினெஃப்ரின், எடையைக் குறைக்கும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை.

ஏமனிலும் எத்தியோப்பியாவிலும் மெல்லும் காத் இலை பசியை இன்னும் நேரடியாக மறக்கடிக்கும். பிற்பகலில் கன்னத்தில் அதக்கி மணிக்கணக்கில் மெல்லுவார்கள். இலையிலுள்ள கேத்தினோன் இரைப்பை காலியாவதையே தாமதப்படுத்துவதால் இரவுச் சாப்பாட்டில் நாட்டம் போய்விடும், தூக்கமும் கூடவே போகும். பறித்த ஓரிரு நாளில் கேத்தினோன் வீரியம் இழந்துவிடும் என்பதால், பசுமை மாறாமலிருக்க வாழையிலையில் சுற்றி அவசரமாகச் சந்தைக்கு அனுப்புகிறார்கள்.

புகையிலையின் நிகோடின், மூளையில் பசியைக் கட்டுப்படுத்தும் ஹைபோதலாமஸ் பகுதியில் 'போதும்' என்று சொல்லும் நரம்பணுக்களையே தூண்டுகிறது. விட்டவுடன் பசி திரும்பும். முதல் ஆண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ ஏறும். இதற்குப் பயந்து புகையை விடாமலிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: புகைப்பவர்கள் மெலிந்து தெரிந்தாலும் அவர்களின் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வது அதிகம்.

என் தேர்வு சர்க்கரை இல்லாத காபிதான், அதுவும் எடைக்காக அல்ல. பெரியவர்களுக்கு ஒரு நாளில் 400 மில்லிகிராம் காஃபீன் வரை பாதகமில்லை, கர்ப்பிணிகளுக்கு 200. மாலையில் வேண்டாம். குடித்ததில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் இரத்தத்தில் இருக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் பசி இரட்டிப்பாக வந்து நிற்கும்.