ஐரோப்பாவில் செல்ஃப் டிரைவ் கார் எடுக்கப் போகிறீர்களா? 1,140 யூரோ இழந்தவன் சொல்கிறேன், ஒரு நிமிடம் நில்லுங்கள்

போன வியாழக்கிழமை இரவு பதினொன்றேகால் மணிக்குக் குறுஞ்செய்தி வந்தது. என் கிரெடிட் கார்டிலிருந்து 1,140 யூரோ எடுத்திருக்கிறார்கள். நம் பணத்தில் ஒரு லட்சத்துக்கு மேல். நாங்கள் இத்தாலியிலிருந்து கோவை திரும்பி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. யாரோ கார்டு எண்ணைத் திருடிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பெயரைப் பார்த்தால், நாங்கள் கார் எடுத்த அதே கம்பெனி.

இன்றோடு ஐந்து நாள். இன்னும் கை நடுங்குகிறது. வெளியூர் போய் ஊர் ஊராகச் சுற்ற ரயிலா காரா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக, சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று கடைசியில் சொல்கிறேன்.

நாங்கள் நான்கு பேர். நான், மனைவி, பத்து வயது மகள், எழுபத்தொரு வயது அம்மா. மிலான், ஃப்ளாரன்ஸ், ரோம், மொத்தம் ஏழு நாள். அதிவேக ரயிலில் மிலானிலிருந்து ஃப்ளாரன்ஸுக்கு இரண்டு மணி நேரம். அங்கிருந்து ரோமுக்கு ஒன்றரை மணி நேரம். ரயில் என்றுதான் முதலில் முடிவு செய்திருந்தோம். ஆனால் அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு அம்மாவையும் கையில் பிடித்துக்கொண்டு ரயில் ஏறுவதை நினைத்தால் பயமாக இருந்தது. மியூனிக்கில் இருக்கும் மச்சானிடம் கேட்டேன். "அத்தையை வெச்சுக்கிட்டு எதுக்கு மாப்ள ரயில்ல அலையறீங்க? காரை எடுத்துக்குங்க, வாசல்ல ஏறி வாசல்ல இறங்கலாம்" என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். அங்கேயே இருப்பவர், அந்த ஊர் கார்டு, அந்த ஊர் இன்சூரன்ஸ் வைத்திருப்பவர். நம் நிலைமை வேறு என்று எனக்குத்தான் அப்போது உறைக்கவில்லை.

பல கம்பெனிகளின் வாடகையை வரிசையாகக் காட்டும் ஓர் இணையதளத்தில் பதிவு செய்தேன். ஏழு நாளுக்கு 214 யூரோ. கூடவே "ஃபுல் கவர்" என்று காப்பீட்டுக்கு ஒரு கட்டம். அதற்கு 63 யூரோ. கீறல் விழுந்தாலும் கண்ணாடி உடைந்தாலும் ஒரு பைசா தர வேண்டாம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அதையும் சேர்த்துக் கட்டினேன். ஆர்டிஓ ஆபீஸில் ஆயிரம் ரூபாய் கட்டிச் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொண்டேன். என் பக்கம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மிலான் விமான நிலையத்தில் அந்தக் கார் கம்பெனியின் கவுண்டரில் ஒன்றேகால் மணி நேரம் வரிசை. எங்கள் முறை வந்ததும் அங்கிருந்த இளைஞன் சொன்ன முதல் விஷயம்: நீங்கள் வாங்கியிருக்கும் கவர் எங்களுடையது இல்லை, அது எங்களுக்குச் செல்லாது. கார்டில் 1,500 யூரோவை பிளாக் செய்வோம், அதாவது முன்பணமாகப் பிடித்து வைப்போம், அல்லது எங்கள் கவரை நாளுக்கு 38 யூரோ கொடுத்து வாங்குங்கள். ஏழு நாளுக்கு 266 யூரோ, கார் வாடகையை விட அதிகம். ஏற்கெனவே பணம் கட்டியாயிற்று, இன்னொரு முறை எதற்கு என்று பிளாக் செய்யச் சொல்லிவிட்டேன்.

இங்கேதான் விழுந்தேன். அம்மா தள்ளுவண்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பையன் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு நாற்காலி எடுத்து வந்து போட்டான். தண்ணீர் பாட்டில் கொடுத்தான். தன் பாட்டிக்கும் இதே வயது, இதே முழங்கால் வலி என்றான். அம்மா அவன் கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்தார். இத்தனை நேரம் பறந்து வந்த களைப்பில் ஒருவன் இப்படி நடந்துகொண்டால் யாருக்குத்தான் மனம் இளகாது?

அப்புறம் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப் போனான். வெளிச்சம் குறைவு. பின்பக்க பம்பரில் ஒரு கீறல், ஒரு சக்கரத்தின் விளிம்பில் உராய்ந்த தடம், இரண்டையும் நானே காட்டினேன். "அதெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது சார், இவ்வளவு சின்னதை நாங்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை" என்றான். போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனேன். "எதற்கு சார், மம்மா நிற்க முடியாமல் நிற்கிறார், முதலில் உட்கார வையுங்கள்" என்று அவனே கதவைத் திறந்துவிட்டான். டேப்லெட்டை நீட்டினான். விரலால் கையெழுத்துப் போட்டேன். அதில் இருந்த கார் படத்தில் ஒரு கீறல்கூடக் குறிக்கப்படவில்லை என்பது இப்போது, பணம் போன பிறகு, அவர்கள் அனுப்பிய தாளில்தான் தெரிகிறது.

பயணம் நன்றாகத்தான் இருந்தது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏ1 நெடுஞ்சாலையில் போலோன்யா தாண்டி அப்பெனைன் மலை வரும்போது பாதை இரண்டாகப் பிரிகிறது. சுரங்கங்கள் வழியாக நேராகப் போகும் புதிய பாதை 2015-இல் திறந்தது. நாங்கள் பழைய மலைப்பாதையில் போனோம். மகள் ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவே இல்லை. ஆனால் நின்று நின்று போனதில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. சுங்கம், லிட்டர் ஒன்றே முக்கால் யூரோவுக்குப் பெட்ரோல், பார்க்கிங் எல்லாம் தனி.

வாசலில் ஏறி வாசலில் இறங்கலாம் என்ற கணக்கும் பொய்த்தது. ஃப்ளாரன்ஸின் பழைய நகரம் முழுக்க வெளியார் வண்டிக்குத் தடை. ஸோனா ஆ திராஃபிகோ லிமிதாதோ என்று இத்தாலிய மொழியில் பலகை இருக்கும். தடுப்பும் கிடையாது, போலீசும் கிடையாது, கேமரா மட்டும். எங்கள் ஹோட்டல் அதற்குள்தான். நேராக உள்ளே போய்விட்டேன். வந்த உடனே வண்டி எண்ணைச் சொல்லியிருந்தால் பதிவு செய்திருப்போமே என்று ஹோட்டலில் மறுநாள் சொன்னார்கள். வெளிநாட்டில் இருப்பவருக்கு அபராதச் சீட்டு அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் இருக்கிறது. அது இனிமேல்தான் வரும். அதற்கு முன்னால், என் முகவரியைப் போலீசுக்குக் கொடுத்த வேலைக்கென்று கார் கம்பெனி 48 யூரோ பிடித்துக்கொள்ளும். ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. கவுண்டரில் ஒரு வார்த்தை சொன்னானா?

கடைசியில் காரை ஊருக்கு வெளியே விட்டுவிட்டு அம்மா நடக்கத்தான் செய்தார். ஏ1 நெடுஞ்சாலையிலேயே வில்லா கொஸ்தான்ஸா என்று ஒரு பார்க்கிங் இருக்கிறது. சாலையை விட்டு இறங்காமலே வண்டியை நிறுத்திவிட்டு டிராமில் நகரத்துக்குள் போய்விடலாம். அது தெரிந்தது இரண்டாம் நாள். அதைவிட வயிறு எரிவது இன்னொன்று: இத்தாலியின் பெரிய ரயில் நிலையங்களில் சாலா ப்ளூ என்று ஓர் உதவி மையம். முன்கூட்டியே சொல்லிவிட்டால் நடக்க முடியாதவர்களைச் சக்கர நாற்காலியில் வைத்து, லிஃப்ட் கொண்டுவந்து ரயில் பெட்டிக்குள் ஏற்றிவிடுகிறார்கள். இலவசம். எந்தக் காரணத்துக்காகக் கார் எடுத்தேனோ அந்தக் காரணமே இருந்திருக்காது.

ரோமில் ரயில் நிலையத்தை ஒட்டிய பல மாடிப் பார்க்கிங்கில் வண்டியை ஒப்படைத்தோம். ஒரு பெண் வந்து வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "ஓகே, ஓகே" என்று சாவியை வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டேன். மெயிலில் வரும் என்றார். வரவே இல்லை. வந்தது 1,140 யூரோவுக்கான செய்திதான். பழுது 890, கையாளும் கட்டணம் 60, வண்டி ஓடாமல் நின்ற நாட்களுக்கு 190. கூடவே இரண்டு படங்கள். அதே பம்பர் கீறல், அதே சக்கரம்! நான் காட்டினேனே, அதே இரண்டு! படத்தில் தேதிகூட இல்லை.

வெள்ளிக்கிழமை அவர்கள் எண்ணுக்குப் போன் செய்தேன். நாற்பது நிமிடம் பாட்டு ஓடியது. எடுத்தவர், சேதப் பிரிவுக்குப் போன் கிடையாது, மெயில் போடுங்கள் என்று வைத்துவிட்டார். மெயில் போட்டேன். கையெழுத்து உங்களுடையது, எனவே கட்டணம் சரியானது, இத்துடன் இந்த விவகாரம் முடிகிறது என்று மூன்றே வரியில் பதில். பதிவு செய்த இணையதளத்தைக் கேட்டால், நாங்கள் இடையில் இருப்பவர்கள், காரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்கிறார்கள். சரி, அந்த ஃபுல் கவர்? அது வேறொரு நிறுவனமாம். பழுது பார்த்த கராஜின் பில் வேண்டுமாம், போலீஸ் அறிக்கை வேண்டுமாம். விபத்தே நடக்கவில்லை, போலீஸ் அறிக்கைக்கு நான் எங்கே போவது? கராஜ் பில்லைக் கார் கம்பெனியிடம் கேட்டால், மதிப்பீடு மட்டும்தான் தருவோம் என்கிறது. இவர் அவரைக் காட்டுகிறார், அவர் இவரைக் காட்டுகிறார். 1,140 யூரோ அவர்களிடம் இருக்கிறது. என் மகளின் அடுத்த வருடப் பள்ளிக் கட்டணம் அது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது முடியவில்லை, தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். பெரிய நகரம் விட்டு நகரம் போவதற்கு ரயில் போதும். ரயில் போகாத மலை ஊர், கிராமம் என்றால் மட்டும் கார், அதுவும் அந்த ஊர்ப் பக்கத்திலேயே எடுத்து அங்கேயே விட்டுவிடுங்கள். எடுக்கும்போதும் விடும்போதும் வண்டியை நான்கு பக்கமும், சக்கரம், கூரை, பம்பருக்குக் கீழே எல்லாம் வீடியோ எடுங்கள். இருட்டாக இருந்தால் வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கீறலைத் தாளில் குறிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். விடும்போது "சேதம் இல்லை" என்று எழுத்தில் வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். இணையதளத்தில் விற்கும் கவர் கவுண்டரில் செல்லாது. எவ்வளவு அன்பாகப் பேசினாலும் படம் எடுங்கள்.

நேற்று வங்கியில் புகார் கொடுத்தேன். ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் நிரப்ப வேண்டும். அதில் ஒரு கேள்வி: வாகனத்தைப் பெற்றபோது எடுத்த படங்கள். வீட்டில் எல்லாருடைய போனையும் அலசிவிட்டேன். ஒரே ஒரு படம்தான் இருக்கிறது. மனைவி எடுத்தது. முன்கதவுக்குப் பக்கத்தில் அம்மா சிரித்துக்கொண்டு நிற்கிறார், பின்னால் அந்தப் பையன் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். பம்பர் படத்துக்கு வெளியே. அதைத்தான் இணைத்திருக்கிறேன்.