பழைய படங்களும் புதுப் பெயர்களும்

கிண்ணியாவில் இருக்கும் நண்பன் நேற்றிரவு போன் எடுத்தான். “மச்சான், நீ கடையில பாவிக்கிற அந்தச் செயலி எப்படி? நானும் போடட்டா?” அவன் கேட்ட நேரம் சரியில்லை. பெயர் குழம்பிப் போன 140 படங்களோடு உட்கார்ந்திருந்தேன்.

எங்களுடையது திருகோணமலையில் படகு என்ஜின் திருத்தும் கடை. புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் விரிதாளை வைத்துக் கட்டிக்கொள்ளக்கூடிய செயலி அது. மூன்று வருடமாகப் பாவிக்கிறோம். என்ஜின் வந்து இறங்கியதும் வெளிப்பக்கம், தொடர் இலக்கத் தகடு, பில் என்று மூன்று படம். மாரியில் கடல் கொந்தளித்துப் படகுகள் கரையேறும்போது வேலை குவியும். அந்த நேரம் யாராவது “இந்த வெடிப்பு முன்னம் இல்லையே” என்றால், படத்தைக் காட்டியதும் பேச்சு முடிந்துவிடும். சிக்னல் இல்லாவிட்டாலும் பதிவு போனிலேயே இருந்து பிறகு போய்ச் சேரும். இதெல்லாம் அருமை.

தலைவலி படங்களின் பெயரில்தான். படங்கள் இணையத்தில் போய்ச் சேரும் இடமான டிரைவைத் திறந்தால் அர்த்தமில்லாத எட்டு எழுத்து, புள்ளி, ‘படம்’, புள்ளி, ஆறு இலக்கம். யாருடைய படகு, எந்த மாதம், ஒன்றும் தெரியாது. அந்த எட்டு எழுத்துதான் பதிவின் சாவி, அதாவது ஒரு பதிவை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம், அதை நாமே அமைத்தால் படத்தின் பெயரும் அதிலேயே தொடங்கும் என்று பிடிபடவே எனக்கு இரண்டு வருடம் போனது. இப்போது சாவியில் முதலில் 2024-11-05 என்று திகதி, அடுத்து திருகோணமலையைக் குறிக்கும் ரீசிஓ என்று முடியும் படகு இலக்கம், அப்புறம் வேலை இலக்கம் 007. வருடம் முன்னால் நிற்க வேண்டும். நாள் இலக்கத்தை முன்னால் போட்டால் எல்லா மாதத்து ஐந்தாம் திகதியும் ஒரே இடத்தில் கூடிவிடும். வேலை இலக்கத்துக்கு முன்னால் சைபர் இல்லாவிட்டால் 10 வந்து 2க்கு முன்னால் நிற்கும். சாய்கோடு போடவே கூடாது, கணினிக்கு அது போல்டரைப் பிரிக்கும் குறி. வரிசை சரியாக வந்த அன்று, டிரைவை மூடாமல் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் சாவியை மாற்றினால் பழைய படங்களின் பெயர் மாறாது. கடைத் தம்பி நல்ல மனதோடு டிரைவுக்குள் போய் அவற்றுக்குக் கையால் பெயர் வைத்தான்: ‘சிவப்பு என்ஜின் 1’, ‘சிவப்பு என்ஜின் 2’. விரிதாளில் இருப்பது படம் இல்லை, படம் இருக்கும் பாதை, வெறும் எழுத்தாக. பெயர் மாறியதும் செயலியில் அந்த 140 படத்தின் இடத்திலும் வெற்றுக் கட்டம். தம்பியில் பிழை இல்லை. முதல் படத்தை ஏற்றும்போதே “பெயர் எப்படி வேண்டும்?” என்று அந்தச் செயலி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மூன்று வருடத்தில் ஒருநாளும் கேட்கவில்லை.

இப்போது ஒவ்வொரு படமாகத் திறந்து, உப்பு அரித்த தகட்டில் இலக்கத்தைப் பெரிதாக்கி வாசித்து, பாதையைத் திருத்துகிறேன். 3ஆ 8ஆ என்று தெரியாத தகடுகளும் இருக்கின்றன.

நண்பனுக்கு, “வேண்டாம்டா, கொப்பியிலேயே எழுது” என்று சொல்லிவிட்டேன். காலையில் மூதூர்க்காரர் ஒருவர் என்ஜினோடு வந்து நின்றார். முதல் வேலையாகப் போனை எடுத்து மூன்று படமும் எடுத்தேன். பழையதில் இன்னும் 48 கிடக்கிறது.