போப்பேயின் நினைவுகள்: காவியம் தேடுபவர்கள் வாங்க வேண்டாம்

மங்கோலிய வீரகாவியங்களைப் பற்றி எதைப் படித்தாலும் அடிக்குறிப்பில் ரஷ்ய மொழியியல் அறிஞர் நிக்கோலாய் போப்பே வந்து நிற்பார். ஆள் யார் என்று பார்க்கத்தான் அவருடைய 'ரெமினிசன்சஸ்' நூலை எடுத்தேன். ஹென்றி ஷ்வார்ட்ஸ் பதிப்பித்து, மேற்கு வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1983இல் வெளியிட்டது. ஆங்கிலம் எளிமைதான், பயப்பட வேண்டாம்.

லெனின்கிராட் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) வாழ்க்கையைச் சொல்லும் பகுதிக்காகவே படிக்கலாம். 1897இல் சீனாவில், ரஷ்யத் தூதரகத்தில் பணிபுரிந்தவரின் மகனாகப் பிறந்தவர். மங்கோலிய மொழி அறிஞர்கள் கொத்விச்சிடமும் விளாதிமிர்த்சோவிடமும் பாடம் கேட்டு, 23 வயதிலேயே வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டார். 1920களில் மங்கோலியாவில் களப்பணி. 1931இல் சோவியத் அறிவியல் கழகத்தில் மங்கோலியப் பிரிவின் தலைவர். படிப்பாளி ஒருவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் ஸ்டாலின் கால ஒடுக்குமுறையில் சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். ஜப்பானைப் பற்றி ஆய்வு செய்த ரஷ்யர் நெவ்ஸ்கி 1937இல் சுடப்பட்டார். சைபீரியாவில் வாழும் மங்கோலிய இனமான புரியாத்துகளின் காவியங்களைத் திரட்டிய சம்சரானோ அதே ஆண்டு கைதாகி, 1942இல் சிறையிலேயே இறந்தார். மங்கோலியாவின் பெரும்பான்மை இனமான கல்கா மங்கோலியர்களின் வீரகாவியம் பற்றிய போப்பேயின் ஆய்வு அச்சேறியதும் அந்த 1937இல்தான்.

அப்புறம் 1942. சோவியத்தின் தெற்கே காகசஸ் மலைப்பகுதிக்குள் ஜெர்மன் படை நுழைகிறது, அப்போது அங்கே இருந்த இவர் அந்தப் படைக்கு மொழிபெயர்ப்பாளர் ஆகிறார். தாத் எனப்படும் மலை யூதர்களைக் காப்பாற்றத் தான் உதவியதாகச் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் பின்வாங்கிய படையோடு கிளம்பி, பெர்லினில் நாஜிகளின் எஸ்.எஸ். அமைப்பைச் சார்ந்த வான்ஸே ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தவரும் இவரே. இந்த இடத்தில் வக்கீல் வாடை தூக்கலாக அடிக்கிறது. எனக்கு ஒட்டவில்லை.

1949இல் அமெரிக்கா, 1968 வரை சியாட்டிலில் பேராசிரியர். ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. 1975 முதல் மங்கோலியக் காவியங்களை ஜெர்மனில் பெயர்த்துத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். எண்பதை நெருங்கும் வயதில்! அந்த உழைப்புக்கு ஒரு கும்பிடு.

என் குறை ஒன்றுதான். பாணர்கள் எப்படிப் பாடினார்கள், இவர் எப்படி எழுதியெடுத்தார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். அலுவலக அரசியலுக்குக் கிடைத்த இடம் அதற்குக் கிடைக்கவில்லை. நூலகத்தில் இருந்தால் இரவல் வாங்கிப் படியுங்கள். காசு போட்டு வாங்குவதென்றால், அந்த 1937 ஆய்வின் ஆங்கில மொழிபெயர்ப்பை வாங்குங்கள். அமெரிக்காவின் புளூமிங்டனில் உள்ள மங்கோலியா சங்கம் 1979இல் வெளியிட்டது.