சென்னை டு சிங்கப்பூர் நைட் ஃப்ளைட்: டிக்கெட்ல இருக்க டைமும் நிஜ டைமும்

போன மாசம் ஆயாவ கூட்டினு சிங்கப்பூர் அத்தை வீட்டுக்கு போய்ட்டு வந்தேன். கம்பெனி பேரு வேணாம், இருக்கறதுலயே கம்மி ரேட்டுன்னு புக் பண்ணது, அதுக்கு ஏத்த மாதிரிதான் இருந்துச்சு.

கிளம்புறது நைட்டு 1:10, போய் சேர்றது காலைல 8:00. ஆயா விரல் விட்டு எண்ணிட்டு "இன்னாடா, ஏழு மணி நேரம் குந்திகினே வரணுமா?"ன்னுச்சு. அந்த ஊரு கடிகாரம் நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுது ஆயா, அத கழிச்சா 4 மணி 20 நிமிஷம்தான்னு புரிய வைக்கறதுக்குள்ள எனக்கு தொண்ட வறண்டுடுச்சு. அதுலயும் முழுசா பறக்கறது கிடையாது, இங்க கேட்லேருந்து வண்டிய பின்னால தள்றதுலேருந்து அங்க கேட்ல நிக்கிற வரைக்கும் சேத்துதான் அந்த கணக்கு. நேர்கோட்டுல பாத்தா கிட்டத்தட்ட 2,900 கிலோமீட்டர். எங்க வண்டி 20 நிமிஷம் லேட்டா கிளம்பி, 1:42க்கு மேல ஏறி, சிங்கப்பூர் டைம் 7:57க்கு தரைய தொட்டுச்சு, அதாவது பறந்தது மூணே முக்கால் மணி நேரம். கேட்ல நிக்கறப்ப 8:04, வெறும் நாலு நிமிஷம் லேட்டு. டைம் டேபிள்லயே கொஞ்சம் கூட்டி போட்டு வச்சிருப்பானுங்க போல.

சீட்டு ரொம்ப நெருக்கம், முட்டி இடிக்குது. தண்ணி பாட்டில் காசு, கப்புல சுடுதண்ணி ஊத்தி குடுத்த உப்மாவும் காசு, அது உப்மாவாவும் இல்ல கஞ்சியாவும் இல்ல. செக்யூரிட்டில ஆயாவோட ஊறுகா பாட்டில எடுத்து வச்சிட்டாங்க, கைப்பையில 100 மில்லிக்கு மேல கூடாதுல்ல, அது என் தப்பு, பெரிய பொட்டியில போட்டிருக்கணும்.

ஆனா ஜன்னல் சீட்டு கிடைச்சா விடாதீங்க. கிரேட் நிக்கோபார் பக்கமா போய், சுமத்ரா தலப்ப தாண்டி, மலாக்கா ஜலசந்தி மேல போறப்பதான் விடியுது. கீழ அவ்ளோ கப்பலு, காசிமேட்டுல லாஞ்சுங்க நிக்கிற மாதிரி. ஆயா ரொம்ப நேரம் கண்ண எடுக்கவே இல்ல. தாத்தா ஹார்பர்ல மூட்ட தூக்குனவரு, அப்பல்லாம் ரஜூலா கப்பல் நாகப்பட்டினம், பினாங்குலாம் தொட்டுட்டுதான் சிங்கப்பூர் போகும், நாள் கணக்கா ஆவும். "உங்க தாத்தா மூட்ட ஏத்துனதோட சரி, ஒரு தபா கூட ஏறிப் போகல"ன்னுச்சு, அப்பறம் தூங்கிடுச்சு.

திருவொற்றியூர்காரங்களுக்கு ஒண்ணு சொல்றேன். மெட்ரோ நேரா ஏர்போர்ட் வரைக்கும் போவுது, வண்டி மாற வேணாம், ஆனா ஒரு மணி நேரம் எடுத்துக்கும், ஸ்டேஷன்லேருந்து டெர்மினலுக்கு பொட்டிய இழுத்துனு நடக்கணும். நாங்க வீட்ட பூட்னது நைட்டு எட்டரை, அத்தை வீட்டு பெல்ல அடிச்சது அந்த ஊரு பத்து மணி, மொத்தம் 11 மணி நேரம். பறந்தத விட தரையில கெடந்ததுதான் அதிகம்.

ரிட்டர்ன் நைட்டு 9:30க்கு கிளம்பி இங்க 11:10க்கு இறங்குச்சு. வெளிய வர்றதுக்குள்ள மெட்ரோவ மூடிட்டாங்க. ரெண்டு கேப்காரங்க திருவொற்றியூர்னதுமே கேன்சல், மூணாவது ஆளு எக்ஸ்ட்ரா 200 கேட்டு வந்தாரு. அடுத்த தபா பகல் ஃப்ளைட்டுதான். ஆயா மட்டும் தெருவுல எல்லாருகிட்டயும் "போறதுக்குதான் ஏழு மணி நேரம், வர்றப்ப ஒண்ணே முக்கால் மணி நேரத்துல கொணாந்து வுட்டுட்டான்"னு சொல்லினு இருக்குது.