பீரோவுக்குப் பின்னால் ஒரு சிவப்பு வெளிச்சம்: எங்கள் வீட்டு மோடத்தோடு மூன்று ஆண்டுகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்தது 2022 ஜூனில். 100 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 100 மெகாபிட் திட்டம். மோடத்தை நிறுவனமே கொடுத்தது. கணினிக் கம்பி செருக நான்கு லேன் துளைகள், இரண்டு ஆன்டெனா, 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசை வைஃபை. முதல் ஆறு மாதம் அது அங்கே இருப்பதே எங்களுக்கு நினைவில்லை. ஒரு மோடத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

2023 பொங்கல் கழிந்ததும் தொல்லை ஆரம்பித்தது. என் மனைவி துபாயில் இருக்கும் பிள்ளைகளுக்கு மாலை 6 மணிக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறார். அங்கே அப்போது நாலரை மணி. பள்ளி விட்டு வந்த களைப்போடு உட்காரும் ஆறேழு வயதுக் குழந்தைகள். ஒரு குழந்தை சிரமப்பட்டு ‘பழம்’ என்று சொல்லி முடிக்கும் நேரத்தில் படம் உறைந்துவிடும். இணைப்பு திரும்புவதற்குள் அந்தக் குழந்தை எழுந்து போயிருக்கும். எனக்கு வந்த கோபம் வேகம் குறைந்ததற்காக அல்ல, அந்தக் குழந்தைக்காக.

புகார் எண்ணை அழைத்தால் ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: அணைத்துவிட்டுப் போடுங்கள். ஆள் அனுப்புவார்கள், அவர் காலை 11 மணிக்கு வருவார். அந்த நேரத்தில் எல்லாம் ஒழுங்காக ஓடும். ‘பழுது இல்லை’ என்று புகாரை முடித்துவிடுவார்கள். இப்படி நான்கு முறை.

அதன் பிறகுதான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். தேதி, நேரம், எந்த விளக்கு என்ன நிறம், அவ்வளவுதான் எழுதினேன். இரண்டே வாரத்தில் விஷயம் தெளிவாகத் தொடங்கியது. அறுந்த நேரம் எல்லாமே மாலை 5.50-க்கும் 6.10-க்கும் நடுவில். ஒவ்வொரு முறையும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகச் சிமிட்டியிருக்கிறது. பவர் விளக்கு அசையாமல் எரிந்திருக்கிறது. எல்ஓஎஸ் சிவந்தால் கண்ணாடி இழையில் வெளிச்சம் வந்து சேரவில்லை என்று பொருள். அந்த நிலையில் மோடத்தை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை.

நோட்டைக் காட்டி, மாலையில்தான் வர வேண்டும் என்று கேட்டேன். ஐந்தாம் முறை வந்த தம்பி பொறுமைசாலி. இழையில் வரும் வெளிச்சத்தை அளக்கும் பவர் மீட்டரை வைத்துப் பார்த்தார்: மைனஸ் 28.4 டிபிஎம். மைனஸுக்குப் பின்னால் வரும் எண் கூடக் கூட வெளிச்சம் குறைவு என்று பொருள். வீட்டு மோடங்கள் பொதுவாக மைனஸ் 27, 28 வரைதான் தாங்கும். நாங்கள் விளிம்பில் நின்றுகொண்டிருந்தோம். வாசல் கம்பத்துப் பெட்டியில் அளவு நன்றாகவே இருந்ததால் கோளாறு வீட்டுக்குள்தான் என்று முடிவானது. பேனா போன்ற ஒரு சிவப்பு லேசரை இழையின் முனையில் செருகிவிட்டு, “அண்ணாச்சி, விளக்கை அணையுங்கள்” என்றார்.

இருட்டில் பீரோவுக்கும் சுவருக்கும் இடையே, மஞ்சள் வயரில் ஓர் இடம் மட்டும் உள்ளே கங்கு இருப்பது போல் சிவந்து தெரிந்தது. உள்ளே ஓட வேண்டிய வெளிச்சம் அந்த மடிப்பில் வெளியே கசிந்துகொண்டிருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது பீரோவை நகர்த்தி, திரும்ப வைக்கையில் சுவரோடு ஒட்டித் தள்ளியிருக்கிறோம். மாலை ஆறு மணிக்கு மட்டும் ஏன் என்பதும் அப்போதே புரிந்தது. வகுப்புக்கு முன்னால் மனைவி பாடப் புத்தகங்களை அந்தப் பீரோவிலிருந்துதான் எடுப்பார். கதவு திறந்து மூடும் அசைவில், விளிம்பில் நின்ற வெளிச்சம் விழுந்துவிடும்.

வயரை மாற்றி, பச்சை நிற இணைப்பு முனையைத் துடைத்துப் போட்டதும் மைனஸ் 20.9. ஏழரை டிபி வித்தியாசம் என்றால் ஐந்து மடங்குக்கும் அதிகமான வெளிச்சம். இழையின் நடுவில் வெளிச்சம் ஓடும் பகுதி 9 மைக்ரான்தான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. முனையில் ஒரு தூசி போதும் அதை மறைக்க. விரலால் தொடவே கூடாது. மிச்ச வயரைச் சுருட்டினால் வளையம் டம்ளர் வாயைவிடச் சிறிதாகக் கூடாது என்று அந்தத் தம்பி சொன்னதை இன்றும் கடைப்பிடிக்கிறேன்.

அடுத்த ஆண்டு வந்தது வேறு நோய். மோடம் தானாக அணைந்து தானாக எழுந்தது. இந்த முறை எல்லா விளக்கும் சேர்ந்து அணைந்தன. அப்படியானால் இழையைச் சந்தேகிக்க வேண்டாம், மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். அடாப்டரைத் தனியே அளந்தால் 12 வோல்ட் சரியாகக் காட்டியது. மோடத்தில் செருகியபடி அளந்தபோது பத்துக்குக் கீழே இறங்கியது. சும்மா இருக்கும்போது நன்றாக இருந்து, சுமை ஏறினால் தளர்ந்துவிடும் அடாப்டர். புதிது வாங்குபவர்கள் வோல்ட் அச்சாக அதேதானா என்று பார்க்க வேண்டும். ஆம்பியர் கூடலாம், குறையக் கூடாது. கூடவே ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ்ஸும் வாங்கினேன். இன்வெர்ட்டர் இருந்தாலும் அது மாறும் கண நேரத்தில் மோடம் அணைந்து, திரும்ப எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகிவிடுகிறது. தூசி விழாமல் இருக்க மோடத்தின் மேல் போட்டிருந்த பின்னல் துணியையும் அன்றே எடுத்துவிட்டோம். காற்றுத் துளைகளை மூடினால் அது அடுப்பாகச் சுடுகிறது.

மூன்றாவது, வேகம். இதில் எனக்கு நிறுவனத்தின் மேல் நியாயமான வருத்தம் இருக்கிறது. 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறுங்கள் என்று தொலைபேசியில் வற்புறுத்தினார்கள், மாறினேன். ஆறு மாதம் கூடுதல் பணம் கட்டியும், கம்பி வழியே சோதித்தால் 94-ஐத் தாண்டவில்லை. 94 என்ற எண்ணைப் பார்த்தால் உடனே துளையையும் கம்பியையும் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் லேன் துளை, தரவோடு சேர்ந்து போகும் முகவரி போன்ற கூடுதல் சுமை போக, அவ்வளவுதான் தரும். எங்கள் மோடத்தின் நான்கு துளைகளில் முதல் துளை மட்டுமே கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ். கணினியின் கம்பி இரண்டாம் துளையில் இருந்தது. மாற்றியதும் 190-ஐத் தாண்டியது. கிகாபிட்டுக்கு லேன் கம்பிக்குள் இருக்கும் எட்டுச் செம்பு இழைகளும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் 100-க்கு இறங்கிவிடலாம். திட்டத்தை விற்ற ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை.

இன்னொன்று, தரவிறக்கத் திரையில் வரும் எண் பெரும்பாலும் மெகாபைட். ஒரு பைட் என்பது எட்டு பிட். எட்டால் பெருக்கிய பிறகுதான் திட்டத்தோடு ஒப்பிட வேண்டும். விநாடிக்கு 12 மெகாபைட் வந்தால் 100 எம்பிபிஎஸ் முழுதாக வருகிறது.

வைஃபை தனிக் கதை. பின்கட்டு அறையில் 8 எம்பிபிஎஸ்தான் கிடைத்தது. நடுவில் இரண்டு பழைய சுவர்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம். அக்கம்பக்கத்து மோடங்கள் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸில் நெருக்கியடித்தன. அங்கே ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே; தானியங்கித் தேர்வை நிறுத்தி, கூட்டம் குறைந்த 1-இல் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் நிறுத்தினேன். துண்டிப்பு குறைந்தது, வேகம் பெரிதாக ஏறவில்லை. கடைசியில் பின்கட்டுக்கு ஒரு லேன் கம்பி இழுத்து அங்கே தனியாக, கம்பியில் வருவதை வைஃபையாகப் பரப்பும் ஓர் அக்சஸ் பாயிண்ட் வைத்ததுதான் பலன் தந்தது. காற்றில் சிக்னலைப் பிடித்துத் திருப்பிவிடும் ரிப்பீட்டரை முதலில் வாங்கியது வீண் செலவு. அது கேட்பதும் பேசுவதும் ஒரே அலைவரிசையில் என்பதால் வேகம் பாதியானது.

இப்போது ஏதாவது தடங்கல் என்றால் நான் முதலில் செய்வது, கணினியில் இரண்டு பிங் சாளரங்களைத் திறப்பது. ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைதான் பிங்: ஒன்று மோடத்துக்கு, 192.168.1.1; மற்றது வெளியே, கூகுளின் 8.8.8.8. முதலாவதே தடுமாறினால் கோளாறு வீட்டுக்குள், வைஃபையிலோ கம்பியிலோ. முதலாவது சீராக இருந்து இரண்டாவது மட்டும் விழுந்தால் வெளியே லைனில் கோளாறு. அப்போதுதான் புகார் கொடுக்கிறேன். நேரத்தையும் டிபிஎம் அளவையும் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்கிறேன். எதிர்முனையில் இருப்பவரின் குரலே மாறிவிடுகிறது.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி உலாவியில் திறக்கும் மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவரை, அதாவது வந்து சேரும் வெளிச்சத்தின் டிபிஎம் அளவைப் பார்த்து நோட்டில் எழுதுகிறேன். மார்கழி வரை மைனஸ் 21-ஐ ஒட்டியே இருந்தது. மழைக்குப் பிறகு மைனஸ் 22.8, இந்த மாதம் மைனஸ் 23.6. வீட்டுக்குள் எதையும் நகர்த்தவில்லை. கம்பத்துப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம் என்று நினைக்கிறேன். அந்தத் தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார்.