நாவலின் முதல் பக்கங்களைக் கட்டணம் கட்டிப் படிக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

ஆங்கிலத்தில் நாவல் எழுதி, அதைப் பதிப்பகங்களுக்கு விற்றுத்தரும் இலக்கிய முகவர்களுக்கு அனுப்பத் தயாராகிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். முகவருக்கு நாவலை அறிமுகப்படுத்தி எழுதும் குவெரி லெட்டரையும், நாவலின் முதல் பத்துப் பக்கங்களையும் 'வரிக்கு வரி' படித்துக் கருத்துச் சொல்வதாக விளம்பரம் செய்த ஒருவரிடம் பணம் கட்டினேன். சொன்ன தேதியெல்லாம் கடந்து, பலமுறை நினைவூட்டிய பிறகுதான் கோப்பு வந்தது.

அதில் என் நாவலைப் பற்றி எதுவுமே இல்லை. 'பாத்திரத்தின் மனதை இன்னும் ஆழமாகக் காட்டுங்கள்', 'முதல் வரியிலேயே வாசகரைக் கட்டிப்போடுங்கள்' என்று எந்தக் கதைக்கும் பொருந்தும் வாக்கியங்கள்தான். என் கதை ஒரு விசாரணை அறையில், இருவர் பேசிக்கொள்வதில் தொடங்குகிறது. அவரோ ஓரத்தில், 'மழை வர்ணனை அருமை, சற்றே நீளம்' என்று குறித்திருந்தார். அந்தப் பத்துப் பக்கங்களில் எங்குமே மழை பெய்யவில்லை! வேறு யாருக்கோ எழுதிய குறிப்பு எனக்கும் வந்திருக்கிறது.

குவெரி லெட்டருக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. யாருடைய கதை, அவருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, தோற்றால் எதை இழப்பார் என்று சொல்லி, முகவரைப் பக்கங்களைப் புரட்ட வைப்பதுதான் அந்தக் கடிதத்தின் வேலை. பெரும்பாலும் 250 முதல் 350 சொற்களுக்குள், ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். வகைமை, மொத்தச் சொற்கள், அண்மையில் வந்த ஒப்பிடத்தக்க நூல்கள் எல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். அவர் அதை இரண்டு பக்கங்களாக நீட்டி, கொலையாளி யார் என்பதையும் எழுதித் தந்திருந்தார். முடிவைச் சொல்லும் கதைச்சுருக்கம் தனி ஆவணம். அந்த வேறுபாடுகூடத் தெரியாதவர் எந்தத் துணிவில் கட்டணம் வாங்குகிறார்?

விளக்கம் கேட்டேன். முழு நாவலையும் அவரிடமே திருத்தக் கொடுத்தால் கட்டிய தொகையைக் கழித்துக்கொள்வாராம். தனக்குத் தெரிந்த முகவர் ஒருவர், 'வாசிப்புக் கட்டணம்' செலுத்தினால் உடனே படித்துப் பார்ப்பாராம். இந்த இடத்தில் எல்லோரும் உஷாராக வேண்டும். முறையான முகவர் உங்கள் எழுத்தைப் படிக்கக் காசு கேட்பதில்லை. நூல் விற்ற பிறகு, எழுத்தாளருக்கு வரும் தொகையில் வழக்கமாக 15 சதவீதம், வெளிநாட்டு உரிமை என்றால் 20 சதவீதம் எடுத்துக்கொள்வார். அமெரிக்க இலக்கிய முகவர்கள் சங்கத்தின் நெறிமுறை, உறுப்பினர்கள் வாசிப்புக் கட்டணம் வாங்குவதைத் தடுக்கிறது. இப்படிப்பட்ட மோசடிகளை 1998 முதல் அம்பலப்படுத்திவரும் 'ரைட்டர் பிவேர்' தளத்தில், பணம் கட்டுவதற்கு முன், பணம் கேட்பவரின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

அதே பக்கங்களை, நாவல் எழுதிக்கொண்டிருக்கும் தோழி ஒருவருடன் பிறகு மாற்றிக்கொண்டேன். 'மூன்றாம் பக்கத்தில் யார் பேசுகிறார் என்பதே எனக்குப் புரியவில்லை, இங்கேயே படிப்பதை நிறுத்தியிருப்பேன்' என்று எழுதினார். இதல்லவா கருத்து! அந்த உரையாடலை அன்றே மாற்றி எழுதினேன்.

கட்டணம் கொடுத்துத்தான் கருத்துப் பெற வேண்டும் என்றால், முதலில் ஒரே ஒரு பக்கத்துக்கு மட்டும் கேட்டுப் பாருங்கள். தேதியையும், பணம் திரும்பக் கிடைக்கும் நிபந்தனையையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். எனக்குப் பணத்தைத் திருப்பித் தர அவர் மறுத்துவிட்டார். அட்டையில் செலுத்தியதால் வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். விளம்பரத்தின் நகல், மின்னஞ்சல்கள், மழை பற்றிய அந்தக் குறிப்பு எல்லாவற்றையும் புகாரோடு இணைத்திருக்கிறேன்.